டிராக்டரில் பூட்டிய ஸ்னோ புளோயர் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பாரி நகருக்கு வடக்கே, ஜார்ஜியன் விரிகுடாவைக் கடந்து வரும் காற்று ஒரே இரவில் முழங்கால் அளவுக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போகும் பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டுக்கும் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 200 மீட்டர் சரளைப் பாதை. அதைத் துப்புரவு செய்ய, 35 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரின் பின்புறம் மும்முனை இணைப்பில் பூட்டி, இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும் ஐந்தரை அடி அகலப் புளோயரை எட்டுக் குளிர்காலங்களாக ஓட்டி வருகிறேன். அக்கம்பக்கத்தில் இதே வகை இயந்திரம் வைத்திருப்பவர்கள் பழுது என்று கூப்பிடும்போது போய்ப் பார்ப்பதும் உண்டு. ஒரே பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை காசு செலவில்லாமல் தீரக்கூடியவை. எனவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவற்ற காரணத்தை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

புளோயரின் வாயில் படுக்கைவசமாகச் சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும் திருகுத் தண்டை ஆகர் என்றும், அதை அடுத்து நின்று பனியை மேலே எறிவதை விசிறி என்றும், பனி வெளியேறும் வளைந்த போக்கியைக் குழல் என்றும் இங்கே சொல்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும்

பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், புளோயரைத் தரையில் இறக்குங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், விசிறி முழுதாக நிற்கும்வரை இறங்காதீர்கள். நின்ற பிறகும் குழலுக்குள் கையை விடக்கூடாது. அடைபட்ட விசிறி, தண்டில் தேங்கியிருக்கும் முறுக்கினால், அடைப்பு விலகும் கணத்தில் திடீரென்று சிறிது நகரக்கூடும். விரல் போவதற்கு அந்தச் சிறிதே போதும். ஒரு முழம் நீளமுள்ள உறுதியான மரக்குச்சியை டிராக்டரிலேயே கட்டி வைத்திருங்கள். தடித்த கையுறை விரலைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது காப்பாற்றாது. தளர்ந்த கையுறையும் கழுத்துத் துணியும் சுழலும் பி.டி.ஓ. தண்டில் சிக்கினால் ஆளையே இழுத்துக்கொள்ளும் என்பதால், தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதை மாற்றும்வரை இயந்திரத்தை ஓட்டாதீர்கள்.

அறிகுறி 1: குழல் அடைத்துக்கொள்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். முதலில் வெப்பமானியைப் பாருங்கள், ஏனென்றால் இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

*வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இருந்து, பனி ஈரமாக இருந்தால்*

இன்ஜின் வேகத்தைக் கவனியுங்கள். பி.டி.ஓ. 540 சுற்றில் ஓட வேண்டுமானால் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்று மீட்டரில் ஒரு குறி இருக்கும். என் டிராக்டரில் அது 2,500-ஐ ஒட்டி வருகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தவோ சத்தத்தைக் குறைக்கவோ அதற்குக் கீழே ஓட்டுகிறவர்களுக்குத்தான் குழல் அடைக்கிறது. இன்ஜின் வேகத்தை முழுதாக வைத்து, டிராக்டர் நகரும் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் பெடலை மெல்ல மிதியுங்கள். கியர் வண்டியில் மிகத் தாழ்ந்த கியரைப் போடுங்கள். கிளட்சை அரைகுறையாக மிதித்து வேகத்தைக் குறைக்காதீர்கள், அது கிளட்சைத் தின்றுவிடும். வாயின் முழு அகலத்தையும் பனிக்குள் நுழைக்காமல், பாதி அகலமோ மூன்றில் இரண்டு பங்கோ எடுத்துச் செல்லுங்கள்.

மூன்று நான்கு சென்டிமீட்டர் சேற்றுப் பனி மட்டும் இந்த விதிக்குள் அடங்காது. அதில் மெதுவாகப் போனால் விசிறிக்குப் போதிய பனி வந்து சேராமல், வந்த கொஞ்சமும் குழலின் சுவரில் அப்பிக்கொண்டு கெட்டியாகும். அந்தப் பனியைப் புளோயரால் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. டிராக்டரின் முன்பக்க வாளியால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவது விரைவானது. அதை அப்படியே விட்டால் இரவில் உறைந்து கண்ணாடித் தரையாகிவிடும் என்பதால், தள்ளுவதை மறுநாளைக்கு ஒத்திப்போடாதீர்கள்.

*வெப்பநிலை நன்றாக உறைநிலைக்குக் கீழே இருந்தும் அடைத்தால்*

இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். சூடேற்றிய கொட்டகையிலிருந்து எடுத்த இரும்பின் மீது விழும் பனி உருகி, அடுத்த நிமிடமே உறைந்து, அதன் மேல் அடுத்த படலம் ஒட்டும். வேலை தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே டிராக்டரை வெளியே நிறுத்திப் புளோயர் குளிர்ந்த பிறகு ஓட்டினால் இந்த அடைப்பு வராது. முதல் குளிர்காலத்தில் இதை அறியாமல் ஒரே காலையில் ஏழெட்டு முறை இறங்கி ஏறியிருக்கிறேன்.

இவை சரியாக இருந்தும் அடைத்தால், கையை விடாமல் குழலின் உட்புறத்தைப் பாருங்கள். வண்ணம் உரிந்து துரு ஏறிச் சொரசொரப்பாக இருந்தால் பனி பிடித்துக்கொள்ளும். கோடையில் தேய்த்துச் சுத்தம் செய்து வண்ணம் பூசுவதே முறையான தீர்வு. அதுவரை, உலர்ந்த இரும்பின் மீது சிலிக்கான் தெளிப்பானையோ மெழுகையோ வேலைக்கு முன் பூசினால் ஒரு பொழுதுக்குத் தாங்கும்.

கடைசியாக, விசிறி இறக்கையின் நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அது ஆறேழு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஈரப்பனி அந்த இடுக்கில் வழுகி எறியப்படாமல் தங்கிவிடும். இறக்கைகளின் நுனியில் ரப்பர் பட்டைகளைப் பொருத்தி அந்த இடைவெளியை அடைக்கலாம். துளையிடத் தெரிந்தவர் ஒரு மதியத்தில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் எல்லா இறக்கைகளிலும் ஒரே எடையுள்ள பட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு தொடங்கும். கூடே நெளிந்திருந்தாலோ இறக்கை விரிசல் விட்டிருந்தாலோ வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி 2: பனி தூரம் போகாமல் அருகிலேயே விழுகிறது

குழலின் நுனியில் உள்ள மடிப்புத் தகடு கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; அதிர்வில் அதன் திருகு தளர்ந்து தானாகவே இறங்குவது உண்டு. அடுத்தது மறுபடியும் இன்ஜின் வேகம்தான். பி.டி.ஓ. 540-இலிருந்து 400 சுற்றுக்கு இறங்கினால் வீச்சுத் தொலைவு ஏறத்தாழ பாதியாகிவிடும். மீட்டரில் தொடக்கத்தில் சரியாக இருந்து, பனிக்குள் நுழைந்ததும் முள் இறங்கினால் நீங்கள் வேகமாக நகர்கிறீர்கள் என்று பொருள். முள் அசையாமலே வீச்சு குறைந்தால், பி.டி.ஓ. தண்டில் உராய்வுக் கிளட்ச் இருக்கும் பட்சத்தில் அது வழுக்குகிறது. எரிந்த நாற்றமும் அந்தப் பகுதியில் சூடும் இருக்கும். அதன் ஸ்பிரிங் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். முழுக்க இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் கல் சிக்கும் நாளில் கிளட்ச் வழுக்காமல் கியர் பாக்ஸ் உடையும்.

இலையுதிர் காலத்தில் அந்த நட்டுகளை ஒரே அளவு தளர்த்தி, சில விநாடி கிளட்சை வழுக்கவிட்டு, மறுபடி பழைய அளவுக்கு இறுக்குவது நல்ல பழக்கம். கோடை முழுவதும் சும்மா கிடக்கும் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதைச் செய்யாமல் விட்டால் அந்தக் கிளட்ச் இருந்தும் இல்லாததுதான்.

வீசும் திசையைப் பற்றி ஒன்று. பாதையின் முனையில் நின்று சாலைக்குக் குறுக்கே பனியை எறிவதை இங்கே பலரும் சாதாரணமாகச் செய்கிறார்கள். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு, எழுத்துப்பூர்வமான அனுமதியின்றிச் சாலையில் பனியையோ உறைபனியையோ போடுவதைத் தடை செய்கிறது. அப்படி விழும் திட்டுகள் உறைந்து வழுக்குவதை நினைத்தால் சட்டமே இல்லாவிட்டாலும் அது செய்யத்தகாத செயல்.

அறிகுறி 3: விசிறி சுழல்கிறது, ஆகர் நின்றுவிட்டது

ஆகரின் ஷியர் போல்ட் அறுந்திருக்கிறது. இது பழுதல்ல, காவல். செய்தித்தாள் கட்டு, மின்கம்பி, கதவடி மிதியடி, கல் என்று ஏதோ ஒன்று சிக்கியபோது, கியர் பாக்ஸுக்குப் பதிலாகத் தன்னை உடைத்துக்கொள்வதற்காகவே அந்த போல்ட் வைக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்னபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சிக்கிய பொருளை எடுத்து, துளைகளை நேராக்கி, மீந்திருக்கும் துண்டைத் தட்டி வெளியேற்றி, புதிய போல்ட்டை மாட்டுங்கள்.

எந்த போல்ட் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கையேட்டில் குறிப்பிட்ட அளவும் தரமும் கொண்ட போல்ட் தவிர வேறெதையும் போடக்கூடாது. கையில் கிடைத்ததைப் போடுவதற்கு முன் தலையைப் பாருங்கள்: அங்குல வகையில் கோடே இல்லாதது மென்மையான தரம் 2, மூன்று கோடு இருந்தால் தரம் 5, ஆறு கோடு இருந்தால் தரம் 8; மெட்ரிக் வகையில் 8.8, 10.9 என்று எண்ணாகவே பொறித்திருப்பார்கள். "அடிக்கடி அறுகிறது, கெட்டியானதாகப் போட்டுவிட்டேன்" என்று ஒருவர் சொன்னபோது நான் போய்ப் பார்ப்பதற்குள் அவருடைய கியர் பாக்ஸின் வார்ப்பிரும்பு உறை பிளந்து எண்ணெய் பனியில் வழிந்துகொண்டிருந்தது. ஓரிரு டாலர் போல்ட்டைக் காப்பாற்றப் போய் அவர் புதிய கியர் பாக்ஸ் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காட்சிதான் இந்த வழிமுறையை எழுதத் தூண்டியது.

*போல்ட் திரும்பத் திரும்ப அறுந்தால்*

பெரும்பாலும் காரணம் சாலைமுனையில் இருக்கிறது. நகராட்சியின் பனிக்கலப்பை விட்டுச்செல்லும் மேடு உப்பும் பனிக்கட்டியும் கலந்து இறுகியது. ஓர் இரவு கிடந்தால் கல்லாகிவிடும். புளோயர் பனியை எறியும் கருவி, கட்டியை உடைக்கும் கருவி அல்ல. அன்றே எடுங்கள், முடியாமல் போனால் வாளியின் விளிம்பால் தளர்த்திவிட்டு, பிறகு பாதி அகலத்தில் ஊர்ந்து செல்லுங்கள். சரளைப் பாதையாக இருந்தால் அறிகுறி 7-இல் சொல்லும் சறுக்குத் தகட்டின் உயரத்தைப் பாருங்கள். வெறும் பனியிலேயே அறுந்தால், போல்ட்டைக் கழற்றிவிட்டு ஆகரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தட்டுத்தடுமாறினால் தாங்கியோ தண்டோ பழுதடைந்திருக்கிறது. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதிய போல்ட்டும் நிற்காது. இரண்டுக்கும் பட்டறையை நாடுங்கள்.

சில புளோயர்களில் ஆகரைப் பக்கவாட்டுச் சங்கிலி ஓட்டுகிறது. அவற்றில் போல்ட் முழுதாக இருந்தும் ஆகர் நின்றால் உறையைக் கழற்றிச் சங்கிலி அறுந்ததா, பல்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவி நழுவியதா என்று பாருங்கள்.

அறிகுறி 4: ஆகரும் விசிறியும் இரண்டுமே நின்றுவிட்டன

இன்ஜினும் சேர்ந்து அணைந்ததா?

*ஆம், நான் திரும்பிப் பார்த்தபோது அணைந்தது*

இருக்கையின் அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சுதான். பின்பக்கப் புளோயரை ஓட்டுகிறவர் பாதி நேரம் பின்னோக்கித் திரும்பியே உட்கார்ந்திருப்பதால், எடை ஒருபக்கம் சாய்ந்து, ஆள் எழுந்துவிட்டதாக நினைத்து சுவிட்ச் இன்ஜினை அணைத்துவிடும். இருக்கையின் எடை அமைப்பைத் தளர்த்துங்கள். இருக்கைக்கும் தட்டுக்கும் நடுவே உறைந்த பனி இருந்தால் சுரண்டி எடுங்கள். கம்பி இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சைக் கம்பியால் இணைத்துச் செயலிழக்கச் செய்யும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கழுத்து வலிக்கிறவர்கள் அகன்ற கண்ணாடிகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

*இன்ஜின் ஓடுகிறது*

பி.டி.ஓ. தண்டு சுழல்கிறதா என்பதை இருக்கையிலிருந்தபடியே பாருங்கள். தண்டு சுழன்றும் விசிறி நின்றிருந்தால், இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தண்டின் புளோயர் முனையில் உள்ள ஷியர் போல்ட்டைப் பாருங்கள். தண்டே சுழலவில்லை என்றால் நெம்புகோல் முழுதாக விழுந்திருக்கிறதா, மின்சுவிட்ச் வகையானால் பியூஸ் எரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பழுது டிராக்டருக்குள் இருக்கும் பி.டி.ஓ. கிளட்சில் இருக்கிறது; அதை வீட்டில் திறக்க முயலாமல் விற்பனையாளரின் பணிமனையை அழையுங்கள்.

அறிகுறி 5: இன்ஜின் திணறுகிறது, கறுப்பாகவோ வெள்ளையாகவோ புகைகிறது

பனிக்குள் நுழையும்போது மட்டும் திணறினால் வேகத்தைக் குறையுங்கள், விஷயம் முடிந்தது. வெறுமையாக ஓடும்போதும் திணறினால் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். எதிர்க்காற்றில் பொடிப்பனியை எறியும்போது அது திரும்பி வந்து உறிஞ்சு வாயில் புகுந்து வடிகட்டியின் மேல் உறைந்துகொள்ளும். காற்று போகும் திசையிலேயே குழலைத் திருப்பி ஓட்டினால் இது வராது.

அடுத்து எரிபொருள். இலையுதிர் காலத்தில் நிரப்பிய கோடை டீசல் மீதமிருந்தால், கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைக்கும். வடிகட்டிக் கிண்ணத்தில் பால் போன்ற கலங்கல் தெரியும். டிராக்டரைச் சூடான இடத்துக்கு நகர்த்துங்கள், வடிகட்டியை மாற்றுங்கள், உறைந்ததைக் கரைக்கும் கலவையை டீசலில் ஊற்றுங்கள், குளிர்கால டீசலை நிரப்புங்கள். தீச்சுடரால் சூடேற்றுவது ஒருபோதும் கூடாது. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதும் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

கிளம்பியதும் மந்தமாக நகர்ந்து, ஹைட்ராலிக் முனகினால் அது பழுதல்ல. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது பதினைந்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிடுங்கள். முந்தைய இரவே, இன்ஜினை மின்சாரத்தால் சூடேற்றும் பிளாக் ஹீட்டரைச் செருகியிருந்தால் இன்ஜின் எளிதாகக் கிளம்பும், ஆனால் அது ஹைட்ராலிக் எண்ணெயைச் சூடாக்காது. இவ்வளவும் செய்த பிறகும் சூடான இன்ஜினே வலுவிழந்திருந்தால் டீசல் தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி 6: அதிர்வு அல்லது புதிய சத்தம்

உடனே நிறுத்துங்கள், ஓட்டிக்கொண்டே கவனிப்பதற்கான அறிகுறி இது அல்ல. விசிறியின் ஓர் இறக்கையில் பனிக்கட்டி ஒட்டியிருப்பதே அடிக்கடி காணும் காரணம், குச்சியால் தட்டினால் போய்விடும்.

*புளோயரைத் தூக்கும்போது மட்டும் கடகடவென்றால்,* பி.டி.ஓ. தண்டின் கோணம் அதிகமாகிவிட்டது. பாதை முனையில் திரும்புவதற்கு ஒரு கையகல உயரம் போதும். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். தூக்கும் நெம்புகோலுக்கு ஒரு தடுப்பு இருக்கும், அதை அந்த உயரத்தில் நிலைநிறுத்தி வையுங்கள்.

*எப்போதும் அதிர்ந்தால்,* தண்டின் இரு துண்டுகளையும் கழற்றி மாட்டியபோது உள்முனைகளின் கவைகள் ஒரே நேர்கோட்டில் அமையாமல் போயிருக்கலாம். பிரித்து நேராக மாட்டுங்கள். இரு துண்டுகளும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நீளமாவது ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்க வேண்டும். அதே சமயம் தண்டு மிகச் சுருங்கும் நிலையில் முட்டவும் கூடாது, முட்டினால் இரு பக்கத் தாங்கிகளும் சேதமாகும். பிறகு, தண்டைக் கோணத்தில் சுழலவிடும் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதன் நடுவிலுள்ள சிலுவை வடிவ கிராஸை மாற்ற வேண்டும். கிரீஸ் அடிக்காமல் விட்டதே அதற்குக் காரணமாக இருக்கும். தண்டு வளைந்திருந்தாலோ விசிறித் தாங்கி கரகரத்தாலோ மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 7: தரையில் பனி மிஞ்சுகிறது, அல்லது கல் பறக்கிறது

இவை இரண்டும் ஒரே அமைப்பின் இரு முனைகள். மும்முனை இணைப்பு புளோயரைத் தன் எடையால் மட்டுமே இறங்கவிடுகிறது, கீழ்நோக்கி அழுத்துவதில்லை. எனவே நெம்புகோலை அடிவரை இறக்கிவிட்டு, புளோயர் தன் சறுக்குத் தகடுகளின் மேல் ஊர்ந்து வரும்படி விட வேண்டும். நெம்புகோலை நடுவில் நிறுத்திக் கையாலேயே உயரத்தைப் பிடிக்க முயன்றால் பாதை அலை அலையாக இருக்கும்.

தார்ப் பாதையில் தகடுகளைத் தாழ்வாகவும், சரளையில் சுரண்டும் விளிம்பு தரையிலிருந்து 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் நிற்கும்படியும் வையுங்கள். சரளையில் முதல் ஒன்றிரண்டு பனிப்பொழிவை எடுக்காமல் டிராக்டரை ஓட்டி அமுக்கிவிடுவது என் வழக்கம். அது உறைந்து தளமாகிவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் கல் எழாது. இரு தகடுகளும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் ஒருபக்கம் பனி மிஞ்சும்.

சாய்வுக்கு, மும்முனை இணைப்பின் மேல் கையான டாப் லிங்க்கைப் பயன்படுத்துங்கள்: நீட்டினால் புளோயரின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்து அதிகமாகக் கடிக்கும், சுருக்கினால் வாய் எழும். ஒரு சுற்று திருகி, பத்து மீட்டர் ஓட்டி, இறங்கிப் பார்த்துச் செய்யுங்கள். சுரண்டும் விளிம்பு தேய்ந்திருந்தால், பல மாடல்களில் அதைக் கழற்றிப் புரட்டிப் போட முடியும். இரு பக்கமும் தேய்ந்த பிறகு மாற்றுங்கள். அது முழுதாகத் தேயும்வரை விட்டால் அடுத்துத் தேய்வது புளோயரின் கூடே.

கல் பறக்கிற நாளில் குழல் வீட்டையோ வண்டியையோ ஆளையோ நோக்கி இருக்கக்கூடாது. பனி விழுவதற்கு முன்பே பாதையின் இரு ஓரத்திலும் கழிகளை நட்டு வைத்தால் புல்வெளியின் கல்லும் மலர்ப்பாத்தியின் விளிம்பும் வாய்க்குள் போகாது.

அறிகுறி 8: டிராக்டர் சறுக்குகிறது

நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், இரு சக்கரங்களையும் சேர்ந்து சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டை மிதியுங்கள், நேராகப் போகும்போது மட்டும். பின்பக்கப் புளோயர் பின்சக்கரங்களுக்கு எடை தந்தாலும் முன்சக்கரங்களை இலேசாக்கிவிடும் என்பதால், முன்பக்க வாளியைக் கழற்றாமல் வைத்திருப்பது நல்லது; முன்பக்கப் புளோயருக்கோ பின்னால் எடைப்பெட்டி தேவை. உறைபனித் தரையில் சங்கிலிக்கு ஈடானது இல்லை. வாங்குவதற்கு முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சங்கிலிக்குப் போதிய இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

அறிகுறி 9: குழல் திரும்ப மறுக்கிறது

உறைந்திருக்கிறது. மோட்டாரையோ கைப்பிடியையோ வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் உடையும். அடிவளையத்தைச் சுற்றித் தட்டிப் பனிக்கட்டியை விடுவியுங்கள். வேலை முடிந்ததும் புளோயரை ஓரிரு நிமிடம் வெறுமையாக ஓட்டி உள்ளே இருப்பதை எறியச் செய்து, குழலை இருபுறமும் முழுதாகத் திருப்பிவிட்டு நிறுத்தினால் மறுநாள் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி 10: கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் கசிகிறது

நிறுத்திய இடத்தில் பனியின் மேல் பழுப்புக் கறை இருந்தால், கியர் பாக்ஸின் அளவுத் திருகைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். அளவு சற்றுக் குறைந்து, நிறம் தெளிவாக இருந்தால் கையேடு சொல்லும் எண்ணெயை, பெரும்பாலும் 80டபிள்யூ-90 கியர் ஆயிலை, ஊற்றி அளவைச் சரிசெய்து, ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் பார்த்துக்கொண்டே பருவத்தை முடிக்கலாம். கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தை வசந்தத்தில் மாற்றுங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுக்க வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயில் இரும்புத் துகள் மின்னினாலோ, உறையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, ஒரு பாதையைக்கூட முடிக்க நினைக்காமல் புளோயரைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது எந்த போல்ட்டைப் போட்டு ஓட்டினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.